மலைப் பள்ளத்தாக்குகளில் வாகனம் புகாத சரளைப் பாதைகள்: மிதிவண்டி ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் தார்ச்சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி மிதித்துச் சலித்தவர்கள், ஆற்றின் மறுகரையிலோ மேலே காட்டுச் சரிவிலோ ஒரு சரளைப் பாதை தனியே போவதைக் கண்டு அதற்கு மாற நினைப்பது இயல்பு. அப்படி மாறுகிறவர்களுக்கு எழும் ஐயங்களுக்கான விடைகள் கீழே உள்ளன. ஊருக்கு ஊர் விவரங்கள் மாறினாலும் ஒரு கேள்வி எங்கும் பயன்படும்: அந்தப் பாதையை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினார்? இதற்கு விடை தெரிந்தால், பாதையின் சரிவு, தரை, ஆபத்து ஆகியவற்றில் பாதியைப் போகும் முன்பே ஊகித்துவிடலாம்.

வாகனம் புகாத பாதை என்றால் ஒரு வண்டியும் வராது என்று பொருளா?

இல்லை. பெரும்பாலான இடங்களில், பொதுமக்களின் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். வனத்துறையின் ஜீப், மரம் ஏற்றும் லாரி, அணைக்கட்டுப் பராமரிப்பு வண்டி, மேய்ச்சல் நிலத்துக்காரரின் டிராக்டர் ஆகியவை அனுமதியோடு வந்துகொண்டுதான் இருக்கும். நெரிசலான சாலையில் எதிரே வண்டி வரும் என்று நாம் எதிர்பார்த்தே ஓட்டுகிறோம். நாள் முழுதும் ஒரு வண்டியையும் பார்க்காத பாதையிலோ வளைவில் திடீரென்று வரும் ஒரே லாரிக்கு நம் மனம் தயாராக இருப்பதில்லை. ஆகவே எவ்வளவு அமைதியான பாதையானாலும், கண்ணுக்குத் தெரியாத வளைவில் உரிய ஓரத்திலேயே செல்ல வேண்டும்.

சில பாதைகள் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வாகனம் இல்லாதவையாக இருக்கும். இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், சூசா, கிசோனே ஆகிய இரு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் செல்லும் அசியெட்டா சரளைச் சாலை, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன், சனிக்கிழமைகளில் பகல் நேரத்தில் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகிறது. மற்ற நாட்களில் அதே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் கிளப்பும் புழுதியை மூச்சிழுத்துக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். கிழமை பார்த்துப் புறப்படுவது இங்கே மூடநம்பிக்கை அன்று.

ஒரே பள்ளத்தாக்கில் இத்தனை விதமான பாதைகள் எப்படி உருவாயின?

பள்ளத்தாக்கு குறுகலானது. ஆறு, ரயில், நெடுஞ்சாலை, மின்கம்பி, வாய்க்கால் ஆகிய எல்லாம் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே ஒன்றின் மேல் ஒன்றாக வழி தேடிக்கொள்கின்றன. புதிய நெடுஞ்சாலை வந்ததும் பழைய சாலை ஆளற்றுப் போகிறது. ரயில் நின்றுவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்தபின் அது கிடந்த மண்மேடு மிஞ்சுகிறது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரையின் மேல் பராமரிப்புக்கு ஒரு தடம் இருக்கிறது. சரிவின் மேலே மரம் வெட்டி இறக்க வனச்சாலைகள் ஏறுகின்றன. எல்லைப்புற மலைகளில் இராணுவம் பீரங்கி இழுக்க அமைத்த சாலைகளும் உண்டு. மேற்சொன்ன அசியெட்டாவும் இராணுவச் சாலையாகத் தொடங்கியதே.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ரயிலுக்காக வெட்டியது சரிவு குறைந்து, நீண்டு, வளைவு அகன்று இருக்கும். பீரங்கிக்காக வெட்டியது கொண்டை ஊசி வளைவுகளோடு, ஆனால் சுமை இழுக்கும் விலங்குகளுக்கு ஏற்ற சீரான சரிவோடு இருக்கும். மரத்துக்காக வெட்டியது அடுத்த மரக்கூப்பு, அதாவது மரம் வெட்டும் இடம், எங்கே இருந்ததோ அங்கே போய் நின்றுவிடும். மிதிவண்டிக்காரருக்கு மறுபுறம் இறங்க வழி வேண்டும் என்ற கவலை அதை வெட்டியவருக்கு இருந்ததில்லை.

பழைய ரயில் பாதைதான் எளிது என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும் என்பதால், பல்சக்கரம் இல்லாத ரயில் பாதைகள் பொதுவாக 2 முதல் 2.5 சதவீதச் சரிவுக்கு மேல், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 2 முதல் 2.5 மீட்டருக்கு மேல், ஏறுவதில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதை பல்சக்கரம் இல்லாமலே 7 சதவீதம் ஏறுவது விதிவிலக்கு. கனடாவின் கெட்டில் வேலி ரயில் பாதையில் மைரா பள்ளத்தாக்குப் பகுதி இதற்கு நல்ல உதாரணம்: ஏறத்தாழ 12 கி.மீ. தூரத்தில் 18 பாலங்களையும் இரண்டு சுரங்கங்களையும் கடந்து செல்லும் அந்தப் பாதை, செங்குத்தான மலைச்சுவரில் தொங்கினாலும் காலுக்கு ஏறக்குறைய சமதளம் போலவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் அங்கிருந்த 12 மரப்பாலங்கள் எரிந்துபோயின. அவற்றைத் திரும்பக் கட்டி 2008இல் பாதையை மீண்டும் திறந்தார்கள்.

ஆனால் எளிது என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 240 கி.மீ. செல்லும் கிரேட் அலிகெனி பாதை முழுதும் மோட்டார் வாகனம் இல்லாதது. பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் துகள் பரப்பியது. கம்பர்லேண்டிலிருந்து புறப்பட்டால் முதல் 38 கி.மீ.யில் ஏறத்தாழ 545 மீட்டர் ஏற வேண்டும். சராசரி 1.4 சதவீதம் என்பது தாளில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஏற்றம் இடைவெளி விடுவதில்லை. கால் ஓய்வதற்கு ஓர் இறக்கமும் வராது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிவதால், வேகம் குறைவதற்குக் காரணம் தெரியாமல் வண்டியில் கோளாறோ உடம்பில் கோளாறோ என்று புதியவர்கள் தடுமாறுவதைப் பார்க்கலாம். அதையே பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் ஏற்றம் 200 கி.மீ.க்குப் பரவிவிடுகிறது, கடைசி 38 கி.மீ. முழுதும் இறக்கம்.

சுரங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா எல்லையில் ஹயவாதா பாதையிலுள்ள செயின்ட் பால் கணவாய்ச் சுரங்கம் ஏறத்தாழ 2.7 கி.மீ. நீளமுள்ளது, உள்ளே விளக்குகள் கிடையாது, கோடையிலும் குளிரும், தரை ஈரமாக இருக்கும். கைபேசியின் விளக்கை நம்பி இத்தகைய சுரங்கத்தில் நுழையாதீர்கள். ஹேண்டில்பாரில் நல்ல முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். அலிகெனிப் பாதையின் பிக் சாவேஜ் சுரங்கத்தைப் போலக் குளிர்காலத்தில் கதவடைக்கப்படும் சுரங்கங்களும் உண்டு என்பதால், திறந்திருக்கும் காலத்தை முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

வனச்சாலையில் எந்த அளவு சரிவை எதிர்பார்க்கலாம்?

8 முதல் 12 சதவீதம் சாதாரணம். குறுகிய தூரத்துக்கு அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். உதிரிச் சரளையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் காலில் வலு இருந்தும் பயன் இல்லை; பின்சக்கரம் பிடிப்பிழந்து சுழலத் தொடங்கும். உட்கார்ந்தே, உடலைச் சற்று முன்சாய்த்து, சீராக மிதித்தால் பிடிப்பு நிற்கும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள எடை குறைந்து அது வழுக்கிவிடும். இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மரம் வெட்டும் பணி நடக்கும் காட்டில், தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இருந்தால் திரும்பிவிடுங்கள். வேலையாட்கள் கண்ணில் படவில்லை என்பதால் மேலே வேலை நடக்கவில்லை என்று ஆகாது. சரிவில் உருண்டு வரும் மரத்துக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. விடுமுறை நாளில் இத்தகைய காடுகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஆற்றங்கரைத் தடங்களும் வாய்க்கால் தடங்களும்?

வெள்ளத்தடுப்புக் கரைமேல் செல்லும் தடம் தொடக்கநிலையினருக்கு ஏற்றது. கனமழைக்குப் பின் அங்கங்கே அரித்துப்போயிருக்கும். வாய்க்காலோரத் தடம் அழகானது, ஆனால் குறுகலானது. இத்தாலியின் தென் டிரோல் பகுதியிலுள்ள வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் பழைய பாசன வாய்க்கால்களை ஒட்டிய தடங்கள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கே உரியவை. மிதிவண்டிப் பாதை கீழே ஆற்றை ஒட்டிச் செல்கிறது. இந்தப் பிரிவினை நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாதை இருந்தால் போகலாம்தானே? அனுமதி வேண்டுமா?

இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. மற்றொரு நாட்டின் பழக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆஸ்திரியாவில் 1975ஆம் ஆண்டு வனச்சட்டம் பொழுதுபோக்குக்காகக் காட்டில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது; மிதிவண்டி ஓட்டுவதற்கோ நிலத்தின் உரிமையாளர் அல்லது வனச்சாலையைப் பராமரிப்பவர் அனுமதிக்க வேண்டும். அகலமான, அருமையான வனச்சாலையிலும் அடையாளப் பலகை இல்லாவிட்டால் அங்கே மிதிப்பது சட்டமீறல் ஆகலாம். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் காட்டில் 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதைகளில் மிதிவண்டிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஸ்காட்லாந்தில் நிலைமை நேர்மாறு: 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான நிலங்களில் மிதிவண்டியிலும் செல்லும் உரிமையைத் தந்துள்ளது. இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி செல்ல 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது; ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு.

வரைபடத்தில் ஒரு கோடு இருப்பது பாதை இருப்பதற்குச் சான்று. உரிமை இருப்பதற்குச் சான்று அன்று.

எந்த வண்டி வேண்டும்? டயர் எவ்வளவு அகலம்?

ரயில் பாதைக்கும் கரைத்தடத்துக்கும் சாதாரணச் சுற்றுலா மிதிவண்டியே போதும். வனச்சாலையும் சேர்ந்தால் 40 முதல் 45 மி.மீ. அகலமுள்ள டயர் பொருத்திய கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கென அமைந்த மிதிவண்டி, வசதியானது. முட்டைக் கல் அளவிலான உதிரிக் கற்கள் நிறைந்த சாலை என்றால் 50 மி.மீ. டயரோ, முன்பக்க அதிர்வுதாங்கி உள்ள மலைச் சைக்கிளோ கொண்டு போவதில் எந்த இழுக்கும் இல்லை. எடை குறைந்த வண்டி வேண்டும் என்று பெரிதும் கவலைப்படுகிறவர்கள், அதில் பாதிக் கவலையை டயருக்கும் காற்றழுத்தத்துக்கும் செலவிடலாம்.

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு காற்றை அளவுக்கு மீறி அடைப்பது. 70 முதல் 75 கிலோ எடையுள்ள ஒருவர் 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 2 முதல் 2.4 பார், அதாவது ஏறத்தாழ 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம், முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக இருக்கட்டும். கல்லில் மோதும்போது ரிம் தட்டும் ஓசை கேட்டால் சிறிது கூட்ட வேண்டும். வண்டி கற்களின் மேல் துள்ளித் துள்ளிப் போனால் குறைக்க வேண்டும். டியூப் போட்டவர்கள் இதைவிடச் சற்று அதிகம் வைக்க வேண்டும், இல்லையெனில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் டயரின் உள்ளே ஓட்டையை அடைக்க ஊற்றும் பால் போன்ற திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் பருவத் தொடக்கத்தில் திறந்து பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பாலும் அடைக்காது. ஒரு மாற்று டியூப் பையில் இருந்தாக வேண்டும்.

கியர் எவ்வளவு சிறியதாக வேண்டும்?

நினைப்பதைவிடச் சிறியதாக. முன்னால் 30 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் 40 மி.மீ. டயரோடு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7 கி.மீ. ஆகும். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 85 கிலோ என்றால், 10 சதவீதச் சரளை ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 180 வாட் ஆற்றல் தேவை. பழக்கமுள்ளவருக்கு அது ஒரு மணி நேரம் தாங்கும். எப்போதாவது மிதிப்பவருக்குப் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். சாலைப் பந்தயச் சைக்கிளின் கியரோடு வனச்சாலைக்கு வருகிறவர்கள் முழங்கால் வலியோடு திரும்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

எந்தத் திசையில் தொடங்குவது நல்லது?

வரைபடத்தைப் பார்க்கும் முன் காற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. தெளிந்த வானமுள்ள கோடை நாளில் வெயிலில் பள்ளத்தாக்கின் காற்று, வெளியே உள்ள சமவெளிக் காற்றைவிட விரைவாகச் சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சமவெளியிலிருந்து காற்று உள்நோக்கி, அதாவது ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி, வீசத் தொடங்குகிறது. முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்தை அடைந்து, மாலையில் தணியும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழ்நோக்கி வடிகிறது. விடியற்காலை வரை அந்த வடிகாற்று இருக்கும். இத்தாலியின் கார்டா ஏரியில் பாய்மரப் படகுக்காரர்கள் காலையில் பெலேர், பிற்பகலில் ஓரா என்று இரண்டு காற்றுகளுக்கும் பெயர் வைத்து, அவற்றை நம்பியே நாளை வகுக்கிறார்கள்.

ஆகவே காலையில் கீழ்நோக்கியும் பிற்பகலில் மேல்நோக்கியும் சென்றால் இரு வழியிலும் காற்று முதுகில் இருக்கும். இது பலருக்கு ஒவ்வாத யோசனை. ஏற்றத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஏற்றம் செங்குத்தாக இருந்தால் அந்த மனம் சொல்வது சரி, ஏனெனில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று பெரிய தடை அன்று. ஆனால் 1 சதவீதச் சரிவுள்ள நீண்ட அடிப்பள்ளத்தாக்கில், ரயிலில் மேலே போய் மதியத்துக்குப் பின் இறங்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள், இறக்கத்திலும் மிதித்து மிதித்துக் களைத்துப்போவார்கள்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் மேல் எங்காடினில் பகல் காற்று மலோயா கணவாயிலிருந்து பள்ளத்தாக்கின் கீழ்நோக்கியே வீசுகிறது. அங்கே பிற்பகல் இறக்கம் ஒரு பரிசு.

எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் போகலாம்?

கீழ்த்தளப் பாதைகள் வசந்தத்திலேயே திறந்துவிடும். ஆனால் வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த சரிவுகளில், ஓடைகள் வெட்டிய நிழலான மடிப்புகளில், எதிர்ச்சரிவில் பனி உருகி வாரக்கணக்கில் ஆன பின்னும் பனித்திட்டுகள் கிடக்கும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. 600 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 1,800 மீட்டரில் இருக்கும் புல்வெளிக்கு ஏறினால் ஏறத்தாழ 8 பாகை குறைவு. வியர்த்து ஏறிய உடம்போடு இறங்கும்போது அடிக்கும் காற்றில் அது இன்னும் கடுமையாகத் தெரியும். காற்றுத்தடுப்பு மேலாடையும் முழுவிரல் கையுறையும் கோடையிலும் பையில் இருக்க வேண்டும்.

கோடைப் பிற்பகலில் இடிமழை வரும் மலைகளில், உயரமான திறந்தவெளிப் பகுதியை நண்பகலுக்குள் கடந்துவிடுவது நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, புகலிடம் தேடி, கடைசி இடி கேட்ட பின் 30 நிமிடம் காத்திருங்கள். பனியாறு உருகி வரும் ஓடையைப் பாலமின்றிக் கடக்க வேண்டியிருந்தால் காலையில் கடந்துவிடுங்கள். பகல் வெயிலில் உருகிய நீர் பிற்பகலுக்கும் அந்திக்கும் இடையே பெருகும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த நீர் திரும்பும்போது முழங்காலுக்கு மேல் ஓடலாம்.

சரளையில் இறங்கும்போது வண்டி வழுக்குகிறதே?

வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் பிடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டுவிடுங்கள். உதிரிச் சரளையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் நிமிர வழியில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்காக முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்பதில்லை. மெல்லப் பிடிக்க வேண்டும். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்தால் விரலுக்குப் பிரேக் எளிதில் எட்டும், கையும் நழுவாது. பார்வையை முன்சக்கரத்துக்குக் கீழே வைக்காமல், போக வேண்டிய தடத்தில் வையுங்கள்; வாகனச் சக்கரங்கள் அழுத்திய இரு தடங்களும் கெட்டியாகவும், நடுமேடும் ஓரங்களும் உதிரியாகவும் இருக்கும்.

வரைபடத்தில் சரளை என்று போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வண்டித்தடங்களுக்கு 1 முதல் 5 வரை தரம் குறிப்பார்கள்; 1 என்பது கெட்டியான தளம், 5 என்பது மண்ணும் புல்லுமான மென்தளம். 1, 2 தரங்களில் கிராவல் சைக்கிள் நன்றாக ஓடும், 3 வானிலையைப் பொறுத்தது, அதற்கு மேல் மலைச் சைக்கிளுக்கு விடுவதே நல்லது. தன்னார்வலர்கள் குறித்தவை என்பதால் செயற்கைக்கோள் படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். செங்குத்தான சுவர்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். சில பத்து மீட்டர் தவறும்; இரண்டு தடங்கள் அருகருகே செல்லும் இடத்தில் எதில் இருக்கிறோம் என்பதைக் கருவி சொல்லாது, சரிவுதான் சொல்லும்.

ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. திட்டமிடலாம்?

என் கணக்கு எளிது: சமதளச் சரளையில் மணிக்கு 15 கி.மீ.; அதோடு ஒவ்வொரு 500 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்கிறேன். 45 கி.மீ. தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் என்றால் ஐந்து மணி நேரம், ஓய்வு நீங்கலாக. தார்ச்சாலையில் 100 கி.மீ. போகிறவர் சரளையில் அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டால் மாலை வெளிச்சத்தில் திரும்பலாம்.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

ரயில் பாதைக்கும் கரைத்தடத்துக்கும் தாராளமாக. வனச்சாலை இறக்கத்தில் சிறு கைகளுக்குப் பிரேக் பிடித்துப் பிடித்து வலிக்கும், அதற்காகவாவது தவிர்க்கலாம்.

வழியில் மாட்டு மந்தை, மூடிய வாயில், நடப்பவர்கள் எதிர்ப்பட்டால்?

வாயில் மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். மந்தைக்காவல் நாய் குரைத்து வந்தால் இறங்கி, வண்டியை இருவருக்கும் நடுவே நிறுத்தி, மெதுவாக விலகி நடக்க வேண்டும். வேகமாக மிதித்துத் தப்ப முயன்றால் அது துரத்தும். நடப்பவர்களுக்குப் பின்னால் சரளையில் ஓசை முன்கூட்டியே கேட்கும் என்று நினைக்கிறோம், ஆனால் ஆற்று இரைச்சலில் கேட்பதில்லை. தொலைவிலேயே மணியடித்து வேகம் குறையுங்கள்.

கைபேசி அலைவரிசை இல்லாத இடத்தில் அடிபட்டால்?

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முதல் பாதுகாப்பு. ஐரோப்பாவில் 112 என்ற எண்ணை, உங்கள் நிறுவனத்தின் அலைவரிசை இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் அலைவரிசை கிடைக்கும் இடத்திலிருந்து அழைக்கலாம். அதுவும் இல்லையெனில் மலையேறிகளின் அபாயக் குறி இருக்கிறது: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசிலடிக்கவோ விளக்கைக் காட்டவோ வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மீண்டும் தொடர வேண்டும். கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். பதில் வந்த பின்னும் நிறுத்தாதீர்கள். பள்ளத்தாக்கில் எதிரொலி பல திசைகளிலிருந்து கேட்கும், தேடி வருபவர்களுக்கு உங்கள் இடம் புலப்படத் தொடர்ந்து குறி தேவை.